மகளுக்கு அபூர்வமான அயர்லாந்துப் பெயர் தேடுபவர்களுக்கு ஒரு செய்முறை

என் தம்பியின் மனைவி அயர்லாந்தின் கார்க் நகரத்துக்காரி. குழந்தை பிறக்க இரண்டு மாதம் இருந்தபோது தம்பி ஒரு பட்டியலை அனுப்பி, "அக்கா, பெண் குழந்தை. யாரும் வைக்காத ஐரிஷ் பெயராக வேண்டும். இதில் எது பிடிக்கிறது?" என்று கேட்டான். முதல் பெயரில் ஆறு எழுத்துகள்: எஸ், ஏ, டி, எச், பி, எச். நான் "சத்ப்" என்று படித்தேன். போனில் இருவரும் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. அந்தப் பெயரை "ஸைவ்" என்று சொல்ல வேண்டுமாம். அந்த அவமானத்தில் தொடங்கிய படிப்பு இது.

படி 1: கண்ணை மூடுங்கள், காதைத் திறங்கள்

பட்டியலைப் படித்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒவ்வொரு பெயரையும் ஐரிஷ் பேசுபவர் வாயால் கேளுங்கள். அப்படி ஒருவர் அருகில் இல்லையென்றால், டப்ளின் டிரினிட்டி கல்லூரி உருவாக்கிய "அபைர்" என்ற இணையதளம் இருக்கிறது. ஐரிஷ் எழுத்தைத் தட்டினால் அதுவே உச்சரித்துக் காட்டும். மன்ஸ்டர், கானக்ட், அல்ஸ்டர் என்று வட்டார வழக்கையும் தேர்ந்துகொள்ளலாம். வட்டாரம் முக்கியம். "மென்மையானவள், அழகி" என்ற பொருள் தரும் ஒரு பெயரை வடக்கே "கீவா" என்பார்கள், தெற்கே "குவீவா" என்பார்கள். எது சரி என்று வாதாடாமல், குழந்தையின் ஐரிஷ் தாத்தா பாட்டி எப்படிச் சொல்கிறார்களோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 2: மூன்றே மூன்று எழுத்து விதிகள்

ஐரிஷ் எழுத்துமுறையைப் பைத்தியக்காரத்தனம் என்று பலர் சொல்வார்கள். நம்மிடம் அந்தப் பேச்சு எடுபடக்கூடாது. கடல், மகன், தங்கம் மூன்றிலும் ஒரே ககரத்தை எழுதிவிட்டு மூன்று விதமாக ஒலிப்பவர்கள் நாம். இடத்தைப் பார்த்து ஒலி மாறும் என்பது நமக்குப் பழகிய சங்கதிதான்.

முதல் விதி: பி அல்லது எம் எழுத்துக்குப் பின் எச் வந்தால் பெரும்பாலும் வகர ஒலி. ஸைவ் என்ற பெயரின் முடிவில் இருப்பது இதுதான். என், ஐ, ஏ, எம், எச் என்று எழுதப்படும் பெயர் "நீவ்" ஆவதும் இதனால்தான்.

இரண்டாவது: எஃப் எழுத்துக்குப் பின் எச் வந்தால் இரண்டுமே ஊமை. சொல்லின் நடுவிலோ கடைசியிலோ டி, ஜி எழுத்துகளுக்குப் பின் எச் வந்தாலும் அவை பெரும்பாலும் கரைந்துபோகும்.

மூன்றாவதுதான் மர்மத்தைத் திறக்கும் சாவி. ஐரிஷில் பல உயிரெழுத்துகள் தாம் ஒலிப்பதற்காக வருவதில்லை. பக்கத்து மெய்யெழுத்து வல்லினமா மெல்லினமா என்பதுபோல அதன் குணத்தைக் காட்ட நிற்கின்றன. எஸ் எழுத்துக்கு அருகில் ஐ அல்லது இ நின்றால் அது ஷகரம். ஏ, ஓ, யு நின்றால் ஸகரம். "ஷிவான்" என்ற பெயரில் எஸ் ஷகரமாவது, அதை அடுத்து வழிகாட்டிப் பலகைபோல் நிற்கும் ஐ எழுத்தால்தான். இதைப் புரிந்துகொண்ட பிறகு நான் யாரிடமும் சிரிப்பு வாங்கவில்லை; சரி, குறைவாக வாங்கினேன்.

படி 3: யாருக்கு அபூர்வம்?

சென்னையிலோ சிகாகோவிலோ அபூர்வமாகத் தெரியும் பெயர், டப்ளின் வகுப்பறையில் நான்கு பேருக்கு இருக்கலாம். ஈஃபா, நீவ், சீர்ஷா எல்லாம் அங்கே சர்வசாதாரணம். அயர்லாந்தின் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் 1964 முதலான பெயர்க் கணக்கை இணையத்தில் வைத்திருக்கிறது. ஓராண்டில் மூன்று குழந்தைகளுக்காவது வைக்கப்பட்ட பெயர்தான் அதில் வரும். நீங்கள் தேடும் பெயர் அங்கே இல்லையென்றால் உண்மையிலேயே அபூர்வம்.

பட்டியலில் "ஃபீயா" என்ற பெயரும் இருந்தது. காட்டுத்தன்மை, மான் என்ற பொருள்கள் கொண்டது. 2021-இல் அயர்லாந்தில் பிறந்த பெண் குழந்தைகளுக்கு மிக அதிகமாக வைக்கப்பட்ட பெயரே அதுதான். அதோடு, தஞ்சாவூரில் இருக்கும் எங்கள் அம்மாவுக்கு ஃபகரம் வராது. அவர் வாயில் அந்தப் பெயர் என்னவாகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. முதல் ஆளாக நீக்கினோம்.

"கொலீன்" என்ற பெயரையும் யாராவது சொல்வார்கள். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பரவிய பெயர் அது. ஐரிஷில் அந்தச் சொல்லுக்குச் "சிறுமி" என்று பொருள். மகளுக்குப் "பெண்பிள்ளை" என்று பெயர் வைப்பீர்களா?

படி 4: பெயரின் கதையைத் தோண்டுங்கள்

அபூர்வப் பெயர்கள் மூன்று இடங்களில் கிடைக்கும்: தொன்மக் கதைகள், புனிதர் வரலாறு, இடைக்கால அரச குடும்பங்கள்.

ஸைவ் தொன்மத்திலிருந்து வருகிறாள்; ஒரு மந்திரவாதியால் மானாக்கப்பட்டவள், வீரன் ஃபின் மெக்கூலின் காதலி. அவள் மகன் பெயர் உஷீன், அதாவது மான்குட்டி. "லீயடன்" பழைய ஐரிஷ் கதையொன்றின் பெண் புலவர். தான் நேசித்த புலவனை மணக்காமல் துறவு பூண்டு, பிறகு அவன் ஜெபம் செய்த கற்பலகையின் மீதே உயிர்விட்டவள். எனக்கு இந்தப் பெயர் மிகவும் பிடித்திருந்தது. தம்பிக்குத்தான் அந்த முடிவு பிடிக்கவில்லை. "பேவீன்" அரச குடும்பத்துப் பெயர். 1014-இல் குளோன்டார்ஃப் போரில் இறந்த மன்னன் பிரையன் போருவின் தாய்க்கு இருந்தது. "லஸரீனா" என்றால் மதுவின் தீச்சுடர். இரண்டாவது விதியில் சொன்ன ஊமை எழுத்துகளை இதன் நடுவில் பார்க்கலாம்.

கார்க் மாவட்டத்தோடு நெருங்கிய தொடர்புள்ளது "கப்னிட்". முதலெழுத்து கோபியின் ககரம். பாலிவர்னி ஊரின் புனிதை, தேனீக்களின் காவலர். திருநாள் பிப்ரவரி 11. ஆங்கில ஆட்சிக் காலத்தில் இந்தப் பெயருள்ள பெண்களை டெபோரா என்று எழுதினார்கள். எபிரேய மொழியில் டெபோரா என்றால் தேனீ. இவ்வளவு அழகான பின்கதை இருந்தும், இன்று அது பாட்டிமார் பெயர் என்று தம்பி மனைவி முகம் சுளித்தாள். நமக்கு ஒரு பொன்னாத்தாள் போல, அவர்களுக்கு ஒரு கப்னிட்.

கதை தெரியாமல் வைக்காதீர்கள். ஈஃபா என்பது இனிய பெயர்தான்; ஆனால் லிர் மன்னனின் நான்கு பிள்ளைகளை 900 ஆண்டுகள் அன்னங்களாக அலையவிட்ட சிற்றன்னையின் பெயரும் அதுவே.

படி 5: நெடில் கோடு

உயிரெழுத்தின் மேல் சாய்வாக வரும் கோட்டை "ஃபாடா" என்பார்கள். "நீளம்" என்று பொருள். நம் குறில் நெடில் கணக்குத்தான்: கல் வேறு, கால் வேறு. "ரோஷீன்" என்றால் சிறு ரோஜா. முதல் கோட்டை விட்டுவிட்டால் அது பிசின்! கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் இந்தக் கோட்டுக்கு இடமே கிடையாது. விமான டிக்கெட்டிலும் பெரும்பாலும் விழுந்துவிடும். ஆயுள் முழுக்கப் பிசினாக இருக்க மகள் விரும்பமாட்டாள் என்றால் கோடில்லாத பெயரைத் தேடுங்கள்.

படி 6: கொல்லைப்புறத்திலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள்

இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஐரிஷுக்கு விளி வேற்றுமை உண்டு. நாம் கண்ணனைக் கண்ணா என்று கடைசியில் மாற்றுவோம். அவர்கள் பெண் பெயரின் முதலெழுத்தை மாற்றுவார்கள். ஷீலா என்பவளை ஐரிஷில் அழைத்தால் "அ ஹீலா". சீர்ஷா "அ ஹீர்ஷா" ஆகிவிடுவாள். (ஸ்காட்லாந்து ஆண்களின் ஹேமிஷ் என்ற பெயர், இப்படிக் கூப்பிட்ட வடிவத்தையே பெயரென்று எடுத்துக்கொண்டதால் வந்தது.) வீட்டில் ஐரிஷ் பேசுவார்கள் என்றால் இந்த இரண்டாவது வடிவமும் காதுக்கு இனிக்க வேண்டும்.

படி 7: குடும்பப் பெயரும் பதிவும்

குடும்பப் பெயரையும் ஐரிஷில் எழுதுவதாக இருந்தால் மகளுக்கு அது மாறும். அப்பா "ஓ பிரியன்" என்றால் மகள் "நீ வ்ரியன்". "மாக்" என்று தொடங்கினால் மகளுக்கு "நிக்". முழுப்பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். அயர்லாந்தில் பிறந்த குழந்தையை மூன்று மாதத்துக்குள் பதிவுசெய்ய வேண்டும். கையெழுத்திடும் முன் ஃபாடாக்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள்.

தம்பி மகளுக்கு வைத்தது "ஸொரஹா". ஒளி என்று பொருள். ஐரிஷில் "டொரஹா" என்றால் இருள். முதலெழுத்து மட்டும் மாறும். சீர்ஷா சுதந்திரம் என்றால் "டீர்ஷா" அடிமைத்தனம், அதேபோல. ஃபாடா இல்லை, ஃபகரம் இல்லை. கார்க் பாட்டி "அ ஹொரஹா" என்று கூப்பிடுகிறார். எங்கள் அம்மாவிடம் மூன்று முறை சொல்லிக்கொடுத்தேன். கவனமாகக் கேட்டுவிட்டு, போனை வாங்கி, "சொர்ணா, பாட்டியைப் பாரடி" என்றார்.