கொண்டை ஊசி வளைவில் திறக்காத ஆப்: பிடபிள்யூஏ செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவு தாண்டியதும் பல போன்களில் சிக்னல் வரும், போகும். சில இடங்களில் சுத்தமாக இருக்காது. ஒரு மே மாதக் கூட்டத்தில் ஒரு குடும்பம் அந்தச் சாலையில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, தாங்கள் அறை போட்டிருந்த ஹோம்ஸ்டேயின் ஆப்பைத் திறந்திருக்கிறார்கள். ஏரியைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று பார்க்கத்தான். 'இணைய இணைப்பு இல்லை' என்ற ஒற்றை வரிதான் வந்தது. இருட்டிய பிறகு, கடைகளில் விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தார்கள்.

மறுநாள் ஹோம்ஸ்டே உரிமையாளர் எனக்குப் போன் செய்தார். ஆப்பை பிடபிள்யூஏ-வாக, அதாவது ஆப் மாதிரி இயங்கும் வெப்சைட்டாக, செய்து கொடுத்தவர் வேறொருவர். "பிடபிள்யூஏ போட்டால் நெட் இல்லாமலும் திறக்கும்னு சொல்லித்தானுங்க காசு வாங்கினாங்க" என்றார். திறந்து பார்த்தேன். முகப்புத் திரையில் ஐகான் அழகாக இருந்தது. போனுக்குள் ஒரு பக்கம்கூடச் சேமிக்கப்படவில்லை.

சேலத்தில் சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் வெப்சைட், ஆப் செய்து கொடுப்பது என் தொழில். இந்தக் குறையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பிடபிள்யூஏ நல்ல தொழில்நுட்பம், நம் ஊர் வணிகத்துக்கு நன்றாகப் பொருந்துவது. அரைகுறையாகச் செய்து, 'இதெல்லாம் வேலைக்கு ஆகாது' என்ற பேர் அதற்கு வந்துவிடக் கூடாதே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், இது என்ன?

ப்ரோக்ரசிவ் வெப் ஆப் என்பதன் சுருக்கம் பிடபிள்யூஏ. 2015-இல் ஃபிரான்சஸ் பெர்ரிமன் என்ற வடிவமைப்பாளரும், கூகுள் க்ரோமில் பொறியாளராக இருந்த அலெக்ஸ் ரஸ்ஸலும் வைத்த பெயர். அடிப்படையில் இது வெப்சைட்தான். அதோடு மூன்று விஷயங்கள் சேரும். ஒன்று, பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் இணைப்பு. இரண்டு, மேனிஃபெஸ்ட் என்ற சின்ன ஃபைல். ஆப்பின் பெயர், ஐகான், நிறம் எல்லாம் இதில் இருக்கும். மூன்றாவதுதான் உயிர்நாடி: சர்வீஸ் வொர்க்கர். பக்கத்துக்கும் இணையத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, எதைப் போனிலிருந்தே எடுத்துக் கொடுக்க வேண்டும், எதை இணையத்தில் போய்க் கேட்க வேண்டும் என்று முடிவு செய்யும் ஒரு ஸ்கிரிப்ட்.

வணிகருக்கு லாபம் எங்கே? ஆண்ட்ராய்டுக்கு ஒன்று, ஐபோனுக்கு ஒன்று என்று இரண்டு ஆப் எழுதத் தேவையில்லை. பிளே ஸ்டோருக்கு ஒரு முறை 25 டாலர், ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர் என்ற பதிவுக் கட்டணம் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பினால் வாடிக்கையாளர் நேராகக் கடைக்குள் வந்துவிடுவார். போனில் இடம் இல்லை என்று யாரும் திரும்பிப் போக மாட்டார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிடபிள்யூஏ விற்க வருபவர்கள் ஃபிளிப்கார்ட் கதையைச் சொல்வார்கள். 2015-இல் ஃபிளிப்கார்ட் லைட் என்ற அவர்களின் பிடபிள்யூஏ வந்தபோது வாங்குவோர் விகிதம் 70 சதவீதம் கூடியது என்பார்கள். எண் சரிதான். ஆனால் அது முகப்புத் திரை ஐகான் வழியாக வந்தவர்களிடம் பார்த்த உயர்வு. ஐகானைச் சேர்த்து வைக்கும் அளவுக்குப் பிடித்துப்போனவர்கள் கூடுதலாக வாங்கத்தானே செய்வார்கள்? உங்கள் கடைக்கும் 70 சதவீதம் கூடும் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஐகான் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது

ஹோம்ஸ்டேயில் நடந்தது இதுதான். க்ரோமில் இப்போது மேனிஃபெஸ்ட் சரியாக இருந்தாலே இன்ஸ்டால் செய்துவிடலாம், சர்வீஸ் வொர்க்கர் கட்டாயம் இல்லை. அதனால் காசு வாங்கியவர் ஐகானைக் காட்டி 'முடிந்தது' என்று சொல்ல முடிகிறது.

நான் போய் மாற்றியது பெரிய வேலை ஒன்றும் இல்லை. வழி சொல்லும் பக்கம், வரைபடத்தின் ஒரு படம், இரண்டு போன் நம்பர், விருந்தினரின் பதிவு எண், தேதி, மீதி கட்ட வேண்டிய தொகை. பதிவு உறுதியான அந்த நிமிடமே இவை போனில் சேமிக்கப்படும். சில நூறு கேபி-க்கு மேல் போகவில்லை. அறைப் படங்கள், விமர்சனங்கள் எதையும் சேமிக்கவில்லை. மலை ஏறிக்கொண்டிருப்பவருக்கு அவை எதற்கு?

நெட் இல்லாத நேரத்தில் உங்கள் வாடிக்கையாளருக்கு எது கட்டாயம் வேண்டும் என்று ஆப் செய்பவர் உங்களிடம் கேட்டாரா? கேட்கவில்லை என்றால் நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இதைத் தெரிந்தவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான்.

எல்லாவற்றையும் சேமித்து வைப்பது

இது முந்தையதற்கு நேர் எதிர், ஆபத்தும் கூடுதல். இதில் தவறு செய்தவன் நான்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறை. வெளியூர் நகைக்கடைகள்தான் வாடிக்கையாளர்கள். ஒவ்வொரு மாடலின் எடை, டச் (வெள்ளியின் தூய்மை அளவு), செய்கூலி எல்லாம் ஆப்பில் இருக்கும். அன்றைய வெள்ளி விலையை வைத்து ஜோடியின் விலையை அதுவே கணக்கிட்டுக் காட்டும். வேகமாகத் திறக்க வேண்டும் என்ற எண்ணத்தில் எல்லாவற்றையும் முதலில் கேச்சிலிருந்தே, அதாவது போனில் ஏற்கெனவே சேமித்து வைத்த நகலிலிருந்தே, எடுக்கும்படி எழுதிவிட்டேன். மூன்றாம் நாள் காலை போன் வந்தது.

"தம்பி, மதுரைக் கடைக்காரர் நேத்து விலைக்கு ஆர்டர் போட்டிருக்காருங்க. ஆப்புல அப்படித்தான் காட்டுதுன்னு ஸ்கிரீன்ஷாட் வேற அனுப்புறாரு. நான் என்னன்னு சொல்லட்டும்?"

வெள்ளி கிராமுக்கு 3 ரூபாய் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் ஜோடிக்கு 300 ரூபாய் வித்தியாசம். 40 ஜோடி என்றால் 12,000 ரூபாய். செய்கூலியில் கிடைக்கும் லாபம் அதிலேயே கரைந்துவிடும். அதைவிடப் பெரிய இழப்பு வாக்கு. காட்டிய விலைக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல வேண்டிய நிலைக்கு அந்த அண்ணனைத் தள்ளியது நான் எழுதிய நாலு வரி.

அதன் பிறகு ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இது ஒரு நாள் பழசானால் யாருக்கு நஷ்டம்? லோகோ, எழுத்துரு, மாடல் படம் பழசானால் யாருக்கும் நஷ்டம் இல்லை, கேச்சிலிருந்தே வரட்டும். மாடல் பட்டியல் கொஞ்சம் பழசாக இருக்கலாம். உடனே காட்டிவிட்டு, பின்னணியில் புதியதை இறக்கிக்கொள்ளலாம். விலை, இருப்பு, அறை காலியா இல்லையா என்பதெல்லாம் ஒவ்வொரு முறையும் இணையத்தில் கேட்டே தீர வேண்டும். நெட் இல்லையென்றால் கடைசியாகத் தெரிந்த விலையைக் காட்டலாம், ஆனால் 'நேற்று மாலை 4.10 நிலவரம்' என்று பக்கத்திலேயே எழுதிக் காட்ட வேண்டும். ஆர்டர் பட்டன் அப்போது வேலை செய்யக் கூடாது. பட்டறை ஆப் இப்போது இப்படித்தான் இருக்கிறது.

இன்னொன்றும் அதே பட்டறையில் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு பார்ட்டிக்கும் செய்கூலி வேறு. கடையின் பொதுப் போனில் ஒருவர் லாக்அவுட் செய்த பிறகும் அவருக்கான விலைப்பட்டியல் கேச்சில் கிடந்தால், அடுத்து எடுப்பவர் பார்த்துவிடுவார். லாக்அவுட் ஆகும்போது அந்தக் கேச்சையும் அழிக்க வேண்டும்.

"எனக்குப் புதுசு தெரியுது, உங்களுக்குத் தெரியலையா?"

ஆப்பில் மாற்றம் செய்தாகிவிட்டது, பாதிப் பேருக்குப் பழையதே வருகிறது. காரணம் எளிது. புதிய சர்வீஸ் வொர்க்கர் இறங்கினாலும், பழையதை வைத்துத் திறந்திருக்கும் பக்கங்கள் எல்லாம் மூடப்படும் வரை அது காத்திருக்கும். ஆப்பை முழுசாக மூடாமல் பின்னணியிலேயே விட்டு வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதனால் நாள் கணக்கில் பழையதே ஓடும். 'புதிய பதிப்பு வந்திருக்கிறது, புதுப்பிக்கவும்' என்று ஒரு பட்டன் வைத்தால் தீர்ந்தது. காத்திருக்காமல் உடனே மாறிக்கொள்ளச் செய்யவும் முடியும், ஆனால் ஒருவர் ஆர்டர் நிரப்பிக்கொண்டிருக்கும்போது கீழே தரையை உருவுகிற மாதிரி அது. பட்டன்தான் மேல்.

வாசலிலேயே அனுமதி கேட்பது

பக்கம் திறந்த நொடியில் 'நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா?' என்று கேட்கும் தளங்களை நீங்களே எத்தனை முறை தடுத்திருப்பீர்கள்? ஒரு முறை தடுத்துவிட்டால் ஆப் மறுபடி கேட்கவே முடியாது. வாடிக்கையாளரே செட்டிங்ஸில் தேடிப்போய் மாற்றினால்தான் உண்டு. கடைக்குள் கால் வைக்கும் முன்பே போன் நம்பர் கேட்கிற மாதிரிதான் இது.

இளம்பிள்ளையில் சேலை விற்கும் ஒரு குடும்பத்துக்கு இப்படி மாற்றினேன்: பணம் கட்டி முடித்த பக்கத்தில், 'பார்சல் கிளம்பியதும் தகவல் சொல்லட்டுமா?' என்று ஒரு சாதாரண பட்டன். அதைத் தொட்டால் மட்டுமே உண்மையான அனுமதிக் கேள்வி வரும். அந்த நேரத்தில் பார்சல் பற்றித் தெரிந்துகொள்ள எல்லோருக்கும் ஆசை இருக்கும், யோசிக்காமல் சம்மதிப்பார்கள். அனுமதி கிடைத்த பிறகு தினம் ஒரு ஆஃபர் அனுப்பி அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஐபோனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 16.4-லிருந்துதான் வெப் ஆப்களுக்கு நோட்டிஃபிகேஷன் வந்தது. அதுவும் முகப்புத் திரையில் சேர்த்திருந்தால் மட்டும். க்ரோமில் வருவது மாதிரி 'இன்ஸ்டால்' பட்டனும் அங்கே வராது. ஷேர் பட்டனைத் தொட்டு, கீழே தள்ளி, முகப்புத் திரையில் சேர்க்கும் வரியைத் தேட வேண்டும். ஐபோன்காரர்களுக்கு இதைப் படத்தோடு காட்டும் ஒரு சின்ன அட்டை வையுங்கள். அப்புறம் இன்ஸ்டாகிராம் லிங்க். அதைத் தொட்டால் பக்கம் இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே திறக்கும், அங்கிருந்து இன்ஸ்டால் செய்ய வழியில்லை. சேலை வியாபாரத்தில் பாதி இன்ஸ்டாகிராம் வழியாக வருகிறது என்றால், 'பிரவுசரில் திறக்கவும்' என்ற குறிப்பு இல்லாமல் உங்கள் ஆப் அந்தப் பாதிப் பேருக்கு இல்லவே இல்லை.

சேலைப் படங்களின் கனம்

போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் ஒன்று 4 எம்பி. ஒரு பக்கத்தில் 40 சேலை என்றால் 160 எம்பி. சர்வீஸ் வொர்க்கர் என்ன செய்தாலும் முதல் முறை திறப்பவர் அத்தனையும் இறக்கத்தானே வேண்டும்? பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். படங்களைச் சிறிதாக்கி, குறைந்த கனத்தில் படத்தைச் சேமிக்கும் வெப்பி (WebP) வடிவத்தில் மாற்றுங்கள், திரைக்கு வரும்போது மட்டும் இறங்கச் செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு சுருக்கவும் கூடாது. ஒரு முறை அதிகமாகச் சுருக்கியதில் ஜரிகை பார்டர் மஞ்சள் சாயம் பூசியது மாதிரி ஆகிவிட்டது. விற்பவர் அம்மா பார்த்த உடனே, "கண்ணு, இது என் சேலையே இல்லை" என்றார். பட்டியலில் சின்னப் படம், தொட்டால் பெரிய படம் என்று இரண்டு அளவு வைத்தபின் சரியானது.

அனுப்பாத ஆர்டரை அனுப்பியதாகக் காட்டுவது

சிக்னல் இல்லாதபோது நிரப்பிய ஆர்டரைத் தொலைக்காமல் போனிலேயே வைத்து, நெட் வந்ததும் அனுப்புவது பிடபிள்யூஏ-வின் பெரிய பலம். க்ரோமில் இது பின்னணியிலேயே நடக்கும். ஐபோனில் அந்த வசதி இல்லை, வாடிக்கையாளர் மறுபடி ஆப்பைத் திறக்கும்போதுதான் அனுப்ப முடியும். அதோடு, முகப்புத் திரையில் சேர்க்காமல் ஐபோனின் பிரவுசரான சஃபாரியிலேயே பயன்படுத்துபவர் 7 நாள் அந்தத் தளத்தின் பக்கம் வராவிட்டால், சேமித்ததை சஃபாரி அழித்துவிடும். ஆகவே 'ஆர்டர் பதிவானது' என்ற வார்த்தையை சர்வர் பதில் சொல்லும் வரை காட்டாதீர்கள். அதுவரை 'போனில் இருக்கிறது, இன்னும் அனுப்பவில்லை' என்றே இருக்கட்டும். ஒவ்வொரு ஆர்டருக்கும் போனிலேயே ஒரு தனி எண் கொடுத்துவிட்டால், இரண்டு முறை போனாலும் சர்வர் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். பணம் கட்டுவதை மட்டும் இந்த வரிசையில் சேர்க்கவே கூடாது.

சின்ன விஷயங்கள் இரண்டு. ஐகானுக்குக் கீழே வரும் பெயருக்கு இடம் குறைவு. 'ஸ்ரீ' என்று தொடங்கும் நீளமான கடைப்பெயரைப் போட்டால் பாதியில் வெட்டுப்பட்டு, பத்துக் கடை ஒரே மாதிரி தெரியும். மேனிஃபெஸ்டில் குறும்பெயர் தனியாகக் கொடுக்கலாம். ஐகானிலும் ஓரம் விட்டு வரையுங்கள், வட்டமாக வெட்டும் போன்களில் எழுத்து போய்விடும்.

பிடபிள்யூஏ எல்லோருக்கும் ஏற்றதும் அல்ல. புளூடூத் தராசோடும் பில் பிரிண்டரோடும் ஐபோனில் பேச வேண்டும் என்றால் சஃபாரியில் முடியாது, அதற்குத் தனி ஆப்தான் வழி. பிளே ஸ்டோரில் பெயர் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு, பிடபிள்யூஏ-வையே அங்கே ஏற்ற வழி உண்டு.

கடைசியாக டொமைன். இன்ஸ்டால் ஆன பிடபிள்யூஏ அந்த முகவரியோடு கட்டப்பட்டது. முகவரி மாறினால் அது வேறொரு ஆப். ஐகான், நோட்டிஃபிகேஷன் அனுமதி, போனில் சேமித்தது எல்லாம் பழைய முகவரியிலேயே தங்கிவிடும். ஆப் செய்தவர் தன் பெயரில் டொமைன் வாங்கி, பிறகு அவரோடு மனக்கசப்பு வந்து, ஆறு மாதம் சேர்த்த வாடிக்கையாளர்களை முதலிலிருந்து சேர்க்க வேண்டிவந்த ஒரு கடையை எனக்குத் தெரியும். டொமைன் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும் என்ற மூன்றையும் கடைசித் தவணைப் பணம் கொடுக்கும் முன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.