ஓட்டுநரின் கண்ணைக் கேமராவால் அளப்பது எப்படி?

வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்.ஏ.இ. தானோட்டத்துக்கு வகுத்த நிலைகளில் இரண்டாம் நிலையில் உள்ள கார் திசையையும் வேகத்தையும் தானே பார்த்துக்கொண்டாலும், சாலையைக் கவனிக்கும் பொறுப்பு ஓட்டுநரை விட்டு நீங்குவதில்லை. ஸ்டீயரிங்கில் கை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் உணரி, கை அங்கேயும் கண் கைப்பேசியிலும் இருப்பவரைக் கண்டுபிடிக்காது. எனவே கண்ணையே அளக்கும் எளிய நிரல் ஒன்றை மடிக்கணினியில் எழுதுவோம். இது மேசையில் வைத்துக் கற்பதற்கு மட்டுமே. ஓடும் வண்டியில் இதை நம்ப வேண்டாம்.

படி 1: பைத்தான் நிரல்மொழி, படங்களைக் கையாளும் ஓப்பன்சிவி, முகத்தின் புள்ளிகளைக் கண்டறியும் மீடியாபைப் ஆகியவற்றை நிறுவிக்கொள்ளுங்கள். டிலிப் என்னும் மற்றொரு நிரலகம் தரும் 68 முகப்புள்ளிகளே போதும் என்பாரும் உண்டு. முகத்தில் 468 புள்ளிகளை இடும் மீடியாபைப்தான் என் தேர்வு. தலை சற்றுத் திரும்பினாலும் புள்ளிகள் எளிதில் சிதறுவதில்லை.

படி 2: 2016இல் சோக்குபோவா, செக் என்னும் ஆய்வாளர்கள் முன்வைத்த கண் விகிதத்தை, அதாவது கண் திறப்பின் உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிடுங்கள். ஒரு கண்ணுக்கு, மீடியாபைப் புள்ளிகளின் எண்களான 160–144, 158–153 ஆகியவற்றுக்கு இடையிலான இரு செங்குத்துத் தொலைவுகளைக் கூட்டி, 33–133 என்னும் கிடைத்தொலைவின் இருமடங்கால் வகுக்க வேண்டும். கண் மூடும்போது விகிதம் சரியும்; அது ஓர் எல்லைக்குக் கீழே போனால் எச்சரிக்கை மணி ஒலிக்க வேண்டும்.

பலரும் இடறும் இடம் இதுதான். மீடியாபைப் தரும் எண்கள் பிக்சல்கள் அல்ல. கிடைமதிப்பு படத்தின் அகலத்தாலும் செங்குத்து மதிப்பு உயரத்தாலும் வகுக்கப்பட்டே வருகின்றன. அவற்றை அப்படியே சூத்திரத்தில் இட்டால், 640×480 படத்தில் விகிதம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்; உண்மையில் 0.18 ஆக இருப்பது 0.24 என்று தெரியும், 0.2 என்று எல்லை வைத்தவரின் எச்சரிக்கை மணி ஒலிக்காது. பிழைச்செய்தி எதுவும் வராததால், குறை கேமராவில் இருப்பதாகவே தோன்றும். முதலில் அகலத்தாலும் உயரத்தாலும் பெருக்கிவிட்டுப் பிறகு தொலைவை அளந்தால் சிக்கல் தீரும்.

படி 3: எல்லோருக்கும் ஒரே எல்லை வேண்டாம். விழித்திருக்கும் ஒருவரைச் சிறிது நேரம் அளந்து, அவருடைய இயல்பான மதிப்பிலிருந்து எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: கண் மூடியிருந்த ஃபிரேம்களை எண்ணாமல் நேரத்தை அளந்து பாருங்கள்; ஏனெனில் வெளிச்சம் குறைந்தால் பல கேமராக்களில் ஃபிரேம் வேகமும் குறையும். சாதாரண இமைப்பு அரை நொடிக்குள் முடிந்துவிடும். தூக்கக் கலக்கத்தை அறிய, இமை 80 விழுக்காட்டுக்கு மேல் மூடியிருந்த நேரம் ஒரு நிமிடத்தில் எத்தனை பங்கு என்று பார்க்கும் பெர்க்ளோஸ் முறையே நம்பகமானது.

படி 5: மடியில் உள்ள கைப்பேசியைப் பார்ப்பவரின் இமையும் தாழ்ந்தே இருக்கும் என்பதால், ஓப்பன்சிவியில் உள்ள சால்வ்பிஎன்பி என்னும் செயற்கூறு கொண்டு தலையின் சாய்வையும் கணக்கிட்டு, தூக்கத்தையும் கவனச்சிதறலையும் பிரியுங்கள். ஐரோப்பிய விதிகள் மணிக்கு 50 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் பார்வை 3.5 நொடி தாழ்ந்தே இருந்தால் எச்சரிக்கச் சொல்கின்றன; தொடக்கத்துக்கு அந்த அளவையே வைத்துக்கொள்ளலாம்.

பிற்சேர்க்கை: இருட்டில் அகச்சிவப்பு விளக்கு வைத்தும் படம் தெரியவில்லை என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். சாதாரண வெப்கேமில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதே காரணம். வடிகட்டி இல்லாத கேமராவையும் 940 நானோமீட்டர் விளக்கையும் வாங்குங்கள். 850 நானோமீட்டர் விளக்கு மங்கலான சிவப்பாகக் கண்ணை உறுத்தும்.