யார்க்கில் ஒரு நாள்: எங்கே சொதப்புகிறோம்?

லண்டன் கிங்ஸ் கிராஸில் ரயில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் வட இங்கிலாந்தின் யார்க் நகரம் வந்துவிடும். காலையில் போய் இரவே திரும்பலாம். ஊர் சிறியது, எல்லாம் நடக்கிற தூரம்தான். எங்கெங்கே போகலாம் என்று பட்டியல் போடுகிறவர்கள் எது எப்போது திறந்திருக்கும் என்று பார்க்காமல் கிளம்புவதால்தான் பாதி நாள் வீணாகிறது.

ஞாயிறு காலை நேராக மின்ஸ்டர் பேராலயத்துக்குப் போய் நிற்காதீர்கள். அது வழிபாட்டு நேரம். சுற்றிப் பார்க்க வருபவர்களை மதியத்துக்கு மேல்தான் உள்ளே விடுவார்கள். ஞாயிறுதான் வசதி என்றால் காலையில் கோட்டை மதில், பிறகு சாப்பாடு, அதன்பின் மின்ஸ்டர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். உள்ளே போனால் அண்ணாந்து ஒரு படம் எடுத்துவிட்டு ஓடாமல், கிழக்குக் கோடியில் இருக்கும் பெரிய சாளரத்தின் முன் கொஞ்சம் உட்காருங்கள். ஜான் தார்ன்டன் என்ற கலைஞரின் தலைமையில் 1405இல் தொடங்கி 1408இல் முடிந்த வேலை அது. உலகம் படைக்கப்பட்டதும் முடியப்போவதும் வண்ணக் கண்ணாடியில் கட்டம் கட்டமாக நிற்கின்றன. கோபுரத்தில் ஏறுவதற்கு 275 படிகள். அதற்குத் தனி டிக்கெட், நேரம் குறித்துத் தருவார்கள்.

ஊரைச் சுற்றியுள்ள மதிலின் மேலேயே நடக்கலாம், சுமார் 3.4 கிலோமீட்டர். கட்டணம் கிடையாது, ஆனால் இருட்டும் நேரத்தில் பூட்டிவிடுவார்கள். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும் ஊரில் ‘சாயங்காலம் நடக்கலாம்’ என்று தள்ளிப்போடுவது சரிவராது. நேரமில்லையென்றால் பூத்தம் பார் முதல் மங்க் பார் வரை மட்டும் நடங்கள் (இங்கே ‘பார்’ என்றால் மதிலின் வாசல், மதுக்கடை அல்ல). மின்ஸ்டரின் பின்புறத்து அழகு முழுக்க அங்கேதான் தெரியும். உட்புறம் பல இடங்களில் தடுப்பு இல்லை, குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஷாம்பிள்ஸ் தெருவுக்கு மதியம் போனால் தலைகளைத்தான் பார்க்கலாம். கடை திறக்குமுன் போனால், ஒரு காலத்தில் கசாப்புக்கடைக்காரர்கள் இறைச்சி மாட்டிய கொக்கிகள் இன்னும் இருப்பதைப் பார்க்கலாம். ரயில் அருங்காட்சியகத்தையும் விட்டுவிடாதீர்கள். 1938இல் மணிக்கு 203 கிலோமீட்டர் ஓடிய மல்லார்ட் நீராவி எஞ்சினின் வீடு அது, அனுமதியும் இலவசம்.

இனி பப். மேசையில் உட்கார்ந்து ஆள் வருவார் என்று காத்திருப்பதுதான் நம்மவர்கள் அதிகம் செய்கிற தவறு. பெரும்பாலான இடங்களில் யாரும் வரமாட்டார்கள். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு, பார் கவுண்டருக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே பணம் கட்ட வேண்டும். பணத்தை ஆட்டிக் கூப்பிடவும் வேண்டாம். யார் முதலில் வந்தார் என்பது கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியும்.

அடுத்தது சமையலறை. பப் திறந்திருக்கிறது என்றால் சாப்பாடு உண்டு என்று அர்த்தமில்லை. மதியம் இரண்டரை, மூன்று மணிக்கே அடுப்பை அணைத்துவிட்டு மாலையில் மறுபடி தொடங்கும் இடங்கள் நிறைய. சுற்றிக் களைத்து நாலு மணிக்குப் போனால் சிப்ஸ் பாக்கெட்தான் கிடைக்கும். சண்டே ரோஸ்ட் (ஞாயிறன்று தரும் வாட்டிய இறைச்சிச் சாப்பாடு) வேண்டுமென்றால் முன்பதிவு செய்யுங்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். அதோடு வரும் யார்க்‌ஷயர் புட்டிங் இனிப்பு அல்ல. மாவு, முட்டை, பால் கலந்து கொதிக்கும் கொழுப்பில் ஊற்றிச் சுடுவது. கிரேவியில் ஊறவைத்துச் சாப்பிடுங்கள், உலர்ந்தால் சுவையில்லை.

சைவம் சாப்பிடுபவர்களும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: எந்தக் கொழுப்பு? யார்க்‌ஷயரில் உருளைக்கிழங்கு சிப்ஸைக்கூட மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் இடங்கள் உண்டு. கிரேவியும் பெரும்பாலும் இறைச்சிச் சாறுதான். பிளாக் புட்டிங் என்பது பன்றி ரத்தத்தில் செய்வது. வெட்கப்படாமல் கேளுங்கள், ஒவ்வாமை விவரம் சொல்வது அவர்கள் கடமை. சைவத்துக்கும் பொறுமையாகவே பதில் சொல்வார்கள்.

ஏல் என்ற பியர் வகையைக் குடிப்பவர்கள் அது ஜில்லென்று இல்லையே என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். பீப்பாயிலிருந்து வரும் ஏலை நிலவறைக் குளிர்ச்சியில்தான் தருவார்கள், 11 முதல் 13 டிகிரி. ஒரு பைன்ட் 568 மில்லி; பழக்கமில்லாதவர்கள் அரை பைன்ட் கேட்கலாம், யாரும் ஏளனமாகப் பார்க்க மாட்டார்கள்.