ஃபோலியோவுக்குக் கையால் வரையும் பாத்திக்

பள்ளிக் கலைப்பாடத் தொகுப்பான ஃபோலியோவுக்குப் பாத்திக், அதாவது மெழுகால் கோடு வரைந்து நடுவே சாயம் ஏற்றும் துணி ஓவியம், செய்யப்போகிறீர்கள் என்றால் துணி வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். ஸ்கெட்ச் புத்தகத்தோடு ரப்பர் பால்மரத்தடிக்குப் போங்கள். செம்பருத்தியை வகுப்பில் பாதிப் பேர் வரைவார்கள். மலேசியாவின் பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல உருவம் வாசலுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

பால் எடுக்கப் பட்டையில் போடும் வெட்டுக்கோடு இடப்பக்க உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் சுமார் 30 பாகை சரிந்து இறங்கும். அதன் முடிவில் பால் வடியும் சிறு தகரம், அதற்குக் கீழே பால் பிடிக்கும் மங்கு. கோட்டுக்கு மேலே, வெட்டி முடிந்த பட்டையில் நெருக்கமான இணைகோடுகள் தெரியும். மெழுகுக் கோடு இழுக்கும் மூக்குள்ள கருவியான சாந்திங்குக்கு அவை அளவெடுத்துச் செய்தது மாதிரி. படத்தைத் துணிக்கு மாற்றும்போது தாளைத் திருப்பி வைத்துவிட்டால் சரிவும் திரும்பிவிடும். தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டிய பாட்டி வீட்டில் இருந்தால் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார்.

துணி 50க்கு 50 செ.மீ. வெள்ளைப் பருத்தி போதும். பாலியெஸ்டர் கலந்தால் பாத்திக்குக்குப் போடும் ரெமசோல் சாயம் சரியாகப் பிடிக்காது. ஓரத்து நூல் ஒன்றைக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும். கஞ்சி போக வெந்நீரில் சோப்புப் போட்டு அலசிக் காயவைத்து, மரச்சட்டத்தில் முரசுத்தோல் மாதிரி இழுத்துக் குத்துங்கள். தொய்ந்த துணி மேசையைத் தொட்டால் மெழுகு அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

இனி மெழுகு. துண்டு தேறுவதும் கெடுவதும் இங்கேதான். பாரபின் 2 பங்கு, தேன்மெழுகு 1 பங்கு. பாரபின் மட்டும் போட்டால் கோடு நொறுங்கி, விரிசல் வழியாகச் சாயம் உள்ளே போகும். நேரடி நெருப்பு வேண்டாம். மின்தட்டில் தண்ணீர்ச் சட்டி, அதற்குள் மெழுகுக் கிண்ணம். மெழுகு புகைந்தால் சூடு மீறிவிட்டது என்று அர்த்தம். தீப்பிடித்தால் மூடியைப் போட்டு அடைத்து, மின்சாரத்தை நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றினால் தீ மேலே சீறும்.

சாந்திங்கைக் கிண்ணத்துக்குள்ளேயே அரை நிமிடம் வைத்துச் சூடாக்கி, பாதி அளவு மட்டும் மொண்டு, அதன் மூக்குக்குக் கீழே டிஷ்யூ பிடித்தபடி துணிக்குக் கொண்டுவாருங்கள். கோடு இழுத்ததும் துணியின் பின்பக்கத்தைப் பாருங்கள். எண்ணெய் ஊறிய தாள் மாதிரி ஒளி ஊடுருவினால் சரி. வெள்ளையாக மேலே உட்கார்ந்திருந்தால் மெழுகு ஆறிவிட்டது. சாயம் அடியில் புகுந்துவிடும். கோடு புழு மாதிரி தடித்துப் பரவினால் சூடு அதிகம். மூக்கு அடைத்தால் ஊசியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். சூடான மெழுகில் முக்கி, தூண்டில் நைலான் நூலை நுழைத்து எடுங்கள்.

சாயம் தொடும் முன் சட்டத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். ஊசிமுனை அளவு இடைவெளி இருந்தாலும் மங்கின் நிறம் மரத்துக்குள் ஓடிவிடும். பின்பக்கத்திலிருந்து அடைப்பது நல்லது.

ரெமசோல் தூள் பட்டணத்து எழுதுபொருள் கடையில் கிடைப்பது அரிது. ஈப்போவிலோ இணையக் கடையான ஷோப்பியிலோ முன்கூட்டியே வாங்கிவையுங்கள். 100 மில்லிலிட்டர் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி. தூளைக் கலக்கும்போது முகக்கவசம் போடுங்கள். நிறம் மங்கித் தேய வேண்டிய இடத்தை முதலில் வெறும் தண்ணீரால் நனைத்து, பிறகு சாயத்தை விடுங்கள். தூரிகையைக் கோட்டுக்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். மீதித் தூரத்தைச் சாயம் தானே ஓடிச் சேரும். வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் கடைசியில். மாலை மழை பிடித்தால் ஈரக்காற்றில் சாயம் காய நேரமாகும். வீட்டுக்குள்ளே மின்விசிறிக்கு அடியில் வையுங்கள்.

நன்றாகக் காய்ந்த பிறகே, சாயத்தை நிலைக்கவைக்கும் சோடியம் சிலிகேட். அரை ஈரத்தில் பூசினால் நிறங்கள் கலங்கிவிடும். கையுறை போட்டு, அகலத் தூரிகையால் துணி முழுக்கப் பூசி, ஓரிரவு விடுங்கள். தூரிகையை உடனே கழுவாவிட்டால் மறுநாள் அது குச்சிதான். காலையில் வழுவழுப்பு போகும்வரை ஓடும் தண்ணீரில் அலசி, சோடா சாம்பல் ஒரு மேசைக்கரண்டி போட்ட கொதிநீரில் முக்கி முக்கி எடுங்கள். மிதக்கும் மெழுகை வழித்து எடுத்துவையுங்கள், அடுத்த துண்டுக்கு உதவும். அந்தத் தண்ணீரைச் சுடச்சுடச் சாக்கடையில் ஊற்றினால் மெழுகு உறைந்து குழாய் அடைத்துக்கொள்ளும். ஆறவிட்டு, மேலே படிந்ததை எடுத்தபின் ஊற்றுங்கள்.

ஃபோலியோவில் ஓர் ஓவியரைப் பற்றி எழுதும் பக்கத்துக்குச் சுவா தியன் தெங் பொருத்தமானவர். பினாங்கில் வாழ்ந்து 2008இல் மறைந்த இவர், 1950களிலேயே பாத்திக்கைத் துணி வடிவமைப்பிலிருந்து ஓவியமாக வளர்த்தவர். வாழ்க்கைக் குறிப்பை நகலெடுத்து ஒட்டுவதை விட, அவருடைய ஒரு படத்தில் மெழுகு விரிசல் எங்கே விழுந்திருக்கிறது, எந்த நிறத்தின் மேல் எது ஏறியிருக்கிறது என்று அம்புக்குறி போட்டு எழுதுங்கள். சாயம் கசிந்த சோதனைத் துண்டுகளையும் எறியாமல், காரணத்தைப் பக்கத்தில் எழுதி ஃபோலியோவில் ஒட்டுங்கள்.