கொலராடோல ஆஸ்பென் போட்டோ: எப்போ போறது, எங்க நிக்கிறது, கேமராவுல என்ன மாத்துறது

ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் கடைசியில டெக்ஸாஸ்ல இருக்கிற ஃபிரெண்டுகிட்ட இருந்து ஒரே மெசேஜ்தான் வரும், "மச்சி, இந்த வருஷம் பீக் எந்த வீக்கெண்ட்? டிக்கெட் போடணும்". ஆஸ்பென் மரத்து இலையெல்லாம் மஞ்சளாகி உச்சத்துல நிக்கிற நாளைத்தான் பீக்னு கேக்கறான். டென்வர் பக்கம் இருக்கிறதால எனக்கு எல்லாம் தெரியும்னு அவனுக்கு ஒரு நெனப்பு. இந்த தடவை அவன் கேட்டது, கேக்காதது எல்லாத்தையும் மொத்தமா எழுதிடறேன், இனிமே இதையே அனுப்பிடலாம்.

மொதல்ல மரத்தைப் புரிஞ்சுக்கணும், கேமரா அப்புறம். ஆஸ்பென் இலை நம்ம ஊர் அரச இலை மாதிரி, காத்தே இல்லைன்னு நாம நெனச்சுக்கிட்டு இருப்போம், அது மட்டும் சலசலன்னு ஆடிக்கிட்டு இருக்கும். காம்பு உருண்டையா இல்லாம தட்டையா இருக்கிறதால சின்ன காத்துக்கே திரும்பிக்கும். இன்னொரு விஷயத்துல இது வாழை மாதிரி, வேர்ல இருந்து பக்கக்கன்னு விட்டுக்கிட்டே போகும், அதனால நாம காடுன்னு பாக்கறது பல இடத்துல ஒரே மரம்தான். பக்கத்து ஸ்டேட் யூட்டால பாண்டோன்னு ஒண்ணு இருக்கு, 106 ஏக்கர், சுமார் 47,000 தண்டு, எல்லாம் ஒரே வேர்க்கூட்டம். இதுக்கும் போட்டோவுக்கும் என்ன சம்பந்தம்னா, ஒரு கூட்டத்துல இருக்கிற மரமெல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணா கலர் மாறும், பக்கத்து கூட்டம் இன்னும் பச்சையாவே நிக்கும். எதிர் மலைச்சரிவைப் பாத்தா ஒட்டுத்துணி தச்ச மாதிரி பச்சை, மஞ்சள், ஆரஞ்சுன்னு திட்டுத்திட்டா தெரியும். அந்த ரெண்டு கலர் சேர்ற ஓரத்துலதான் ஃபிரேம் போடணும், முழு மஞ்சளா இருக்கிற இடத்தை விட அது நூறு மடங்கு நல்லா வரும்.

தேதி விஷயம். தோராயமா சொன்னா வடக்குல ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் பக்கம் செப்டம்பர் நடுவுலயே ஆரம்பிச்சுடும், கெனோஷா பாஸ் (பாஸ்னா மலைக்கணவாய்), ஆஸ்பென்னே பேரு வச்ச டவுன், கெப்ளர் பாஸ் எல்லாம் செப்டம்பர் கடைசி வாரம், தென்மேற்குல சான் வான் மலைகள் அக்டோபர் மொத வாரம் வரைக்கும் தாங்கும். மேல இருக்கிற மரம் மொதல்ல மாறும், கீழ இருக்கிறது அப்புறம். ஒரு வாரம் முன்ன பின்ன ஆகறது சகஜம், ஒரே ஒரு ராத்திரி நல்லா காத்தடிச்சா மொத்த இலையும் தரையில கிடக்கும். அதனால ஒரே இடத்தை நம்பி வராம, ரூம் போடறப்பவே மேலயும் கீழயும் போயிட்டு வர்ற மாதிரி ஒரு இடமா பாருங்க. முடிஞ்சா செவ்வாய், புதன். நான் மொத வருஷம் விவரம் தெரியாம சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு கெனோஷா பாஸ் போனேன், 285 ரோடு ரெண்டு பக்கமும் கார் நிறுத்தி வச்சிருக்காங்க, இறங்கவே இடமில்ல, கார் ஜன்னல்லயே எடுத்துட்டு வந்தேன். வீட்டுல பாத்துட்டு "மரத்தை விட கார்தான் ஜாஸ்தி இருக்கு"ன்னு சொன்னாங்க, உண்மைதான்.

இடம்னா என் ஓட்டு கெப்ளர் பாஸுக்குத்தான். கிரெஸ்டட் பியூட்ல இருந்து மேற்கால போற மண் ரோடு, உச்சி 10,000 அடி, காஞ்சு கிடந்தா சாதா கார் போதும், ரெண்டு பக்கமும் காடு வந்துக்கிட்டே இருக்கும். டாலஸ் டிவைட் ரிட்ஜ்வே பக்கத்துல, மவுண்ட் ஸ்னெஃபல்ஸ் 14,000 அடிக்கு மேல பின்னாடி நிக்க முன்னாடி மஞ்சள் மேடு, சாயங்காலம் நாலு மணிக்கு மேல போங்க. மரூன் பெல்ஸ் எல்லாருக்கும் தெரிஞ்ச ஏரி, ஏற்கனவே ஆயிரம் பேர் எடுத்த அதே படம்தான் கிடைக்கும், இருந்தாலும் ஒரு தடவை பாக்க வேண்டியதுதான், ஆனா சீசன்ல பஸ்ஸுக்கோ பார்க்கிங்குக்கோ முன்கூட்டியே ரிசர்வ் பண்ணாம போனா திருப்பி அனுப்பிடுவாங்க.

இனி காட்டுக்குள்ள. வெயில் அடிக்குதேன்னு சந்தோஷப்படாதீங்க, மதிய வெயில்ல உள்ள போனா வெள்ளைத் தண்டுல திட்டுத்திட்டா வெளிச்சமும் இருட்டுமா விழுந்து படம் குப்பை மாதிரி இருக்கும். மேகம் மூடின நாள்தான் காட்டுக்குள்ள எடுக்க நல்ல நாள். லேசா தூறிட்டு நின்னா இன்னும் விசேஷம், தண்டு ஈரமாகி அந்த கறுப்பு கண்ணு மாதிரி வடுவெல்லாம் எடுப்பா தெரியும் (கீழ்க்கிளை உதிர்ந்த இடம்தான் அது). வெயில்தான் இருக்குன்னா சூரியனுக்கு எதிர்ல நின்னு எடுங்க, இலைக்குப் பின்னாடி இருந்து வெளிச்சம் வந்தா ஒவ்வொரு இலையும் விளக்கேத்தின மாதிரி எரியும்.

புதுசா வர்றவங்க எல்லாரும் வைட் லென்ஸ் மாட்டிக்கிட்டு அண்ணாந்து எடுப்பாங்க, தண்டெல்லாம் உள்பக்கமா சாஞ்சு விழுற மாதிரி வரும். 70-200 மாதிரி தூரத்தைக் கிட்ட இழுக்கற ஒரு ஜூம் லென்ஸ் போட்டு, கேமராவை மட்டமா வச்சு, வானமே வராம வெறும் தண்டும் இலையும் மட்டும் எடுத்துப் பாருங்க. போன்ல எடுத்தா ஜூம் 2 எக்ஸோ 3 எக்ஸோ வைங்க. அப்புறம் ஒரு இடத்துல ஆணி அடிச்ச மாதிரி நிக்காம இடது பக்கம் ரெண்டு அடி, வலது பக்கம் ரெண்டு அடி நகர்ந்து பாருங்க, ஒரு தண்டு இன்னொண்ணு மேல ஒட்டாம நடுவுல கொஞ்சம் சந்து தெரியணும். நான் ஒரு படத்துக்கு இதுலயே இருபது நிமிஷம் செலவு பண்ணுவேன், கூட வர்றவங்க கார்ல போய் உக்காந்துடுவாங்க.

லென்ஸ் முன்னாடி மாட்டற போலரைஸர் ஃபில்டர் ஒண்ணு வாங்கிடுங்க, இது ஒண்ணுதான் நான் கண்டிப்பா சொல்ற செலவு. இலை மேல இருக்கிற பளபளப்பை எடுத்துட்டு உள்ள இருக்கிற மஞ்சளைக் காட்டும், இதை எடிட்டிங்ல கொண்டு வர முடியாது. ஆனா வைட் லென்ஸ்ல நீல வானத்தோட சேத்து எடுத்தா வானத்துல நடுவுல மட்டும் கருநீலப் பட்டை விழும், அப்போ கழட்டிடுங்க. ஒண்ணரை ரெண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைஞ்சா வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சத்தையும் அது சாப்பிட்டுடும், இலையோ ஆடுற இலை, அதனால ஷட்டர் வேகம் 1/250 செகண்டுக்கு கீழ போகாம, வெளிச்சத்துக்கு கேமராவோட உணர்திறனான ஐஎஸ்ஓவை 800, 1600னு தைரியமா ஏத்துங்க. காத்து நிக்கவே இல்லைன்னா எதிர்த்து சண்டை போடாம 1/4 செகண்ட் வச்சு, கேமராவை மேலிருந்து கீழ நேரா இழுத்துக்கிட்டே எடுங்க, தண்டு கோடு கோடா, இலை வாட்டர்கலர் மாதிரி வரும், பத்துல ஒண்ணு தேறும்.

கலரைச் சரி பண்ற ஒயிட் பேலன்ஸ் செட்டிங்கை ஆட்டோல விட்டா கேமரா மஞ்சளைத் தப்புன்னு நெனச்சு நீலமாக்கப் பாக்கும், டேலைட்ல வச்சுடுங்க. எடிட் பண்றப்போ கலரை அடர்த்தியாக்கற சாச்சுரேஷனை மட்டும் தொடாதீங்க சாமி, மஞ்சத்தண்ணி ஊத்தின மாதிரி ஆயிடும்.

பனிக்காலத்துல கெப்ளரும் ஆஸ்பென் டவுன் பக்கத்துல இருக்கிற இண்டிபெண்டன்ஸ் பாஸும் மூடிடுவாங்க, கெனோஷா பாஸ் மெயின் ரோடுங்கறதால பொதுவா திறந்திருக்கும். வெள்ளைப் பனியில வெள்ளைத் தண்டு, என்னத்த எடுக்கறதுன்னு தோணும். நிழலை எடுங்க. காலையிலயும் சாயங்காலமும் சூரியன் தாழ இருக்கறப்போ ஒவ்வொரு தண்டும் பனி மேல நீலக் கோடு போட்டிருக்கும், படமே அதுதான். கேமரா பனியைப் பாத்து சாம்பலாக்கிடும், அதனால வெளிச்சத்தை ஒரு ஸ்டாப்ல இருந்து ஒண்ணரை ஸ்டாப் வரை கூட்டி வைங்க. ஸ்பேர் பேட்டரியை பையில வைக்காம சட்டைக்குள்ள பாக்கெட்ல வைங்க, குளிர்ல சீக்கிரம் படுத்துடும். திரும்பி வந்து கதகதப்பான ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடியே, வெளியிலயே கேமராவை ஜிப் போட்ட பிளாஸ்டிக் கவர்ல போட்டு மூடிடணும், இது நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது, லென்ஸ் உள்பக்கம் வேர்த்து ரெண்டு நாள் அரிசி டப்பா பக்கத்துல வச்சு வேண்டிக்கிட்டு இருந்தேன். சரிவுப் பக்கம் நடக்கறதா இருந்தா ஸ்டேட் பனிச்சரிவு மையத்தோட அன்னிக்கு ரிப்போர்ட்டைப் பாக்காம காலை வைக்காதீங்க.

வெயில்காலத்தைச் சுருக்கமா முடிச்சுடறேன். ஜூலை நடுவுல கிரெஸ்டட் பியூட் பக்கம் லூப்பின் பூ நிறைஞ்சிருக்கும், ஸ்டேட் பூவான நீலக் கொலம்பைன் ஆஸ்பென் நிழல்லயே பூக்கும், பாதையை விட்டு இறங்காம, குனிஞ்சு பூ மட்டத்துக்கு வந்து எடுங்க. மதியம் இடி மின்னல் கிட்டத்தட்ட தினசரி சமாச்சாரம், மரமே வளராத உயரத்துக்கு ஏறியிருந்தீங்கன்னா பன்னெண்டு மணிக்குள்ள கீழ இறங்கிடணும்.

எனக்குப் பிடிச்சது யாரும் வராத மே கடைசிதான். ரோடெல்லாம் சேறு, கார் கழுவுற காசு தனி. ஆனா அப்போ துளிர்க்கிற பச்சை இருக்கே, எலுமிச்சைக் காய் பச்சை, அது ஒரு வாரம்தான். போன மே மாசம் நான் எப்பவும் போற தோப்புல ஒரு மரத்து மேல கைய வச்சுக்கிட்டு நின்னேன், எடுத்துப் பாத்தா உள்ளங்கை பூரா விபூதி மாதிரி வெள்ளைப் பவுடர். அந்தப் பட்டை ரொம்ப மெல்லிசு, பேரு செதுக்கினா அந்த வடு மரம் சாகற வரைக்கும் போகாது, நோயும் அது வழியா உள்ள போகும், அதனால தொட்டுப் பாக்கறதோட நிறுத்திக்கோங்க. அங்க இருந்து எதிர் மேட்டைப் பாத்தா ஒரு கூட்டம் முழுசா துளிர்த்திருக்கு, ஒட்டி நிக்கிற கூட்டம் இன்னும் மொட்டையா சாம்பல் கலர்ல இருக்கு, நடுவுல கத்தியால வெட்டின மாதிரி கோடு. செப்டம்பர்ல ரெண்டு கலர் சேர்ற ஓரம்னு சொன்னேனே, அதே கோடுதான் இது. ஒரு படம் எடுத்து, நின்ன இடத்தை போன் மேப்புல குறிச்சு வச்சுக்கிட்டு வந்துட்டேன், மச்சானுக்கு இன்னும் சொல்லல.