லயத்து வாசலில் ‘பும்சி’ திரையிட்டுப் பேசுவது எப்படி?

கென்ய இயக்குநர் வனூரி கஹியு 2009இல் எடுத்த ‘பும்சி’ ஏறத்தாழ இருபது நிமிடப் படமே என்பதால், கொழுந்து பறித்துத் திரும்பிய பெண்கள் இரவுக்கு ரொட்டி சுடத் தொடங்குமுன், பொழுது சாய்ந்ததும் லயத்துச் (தோட்டத் தொழிலாளரின் வரிசைவீட்டு) சுவரில் வெள்ளை வேட்டியொன்றைக் கட்டித் திரையிட்டுவிடலாம். ஆபிரிக்கர் தம் எதிர்காலத்தைக் கற்பனை செய்யும் கலைப்போக்கு, ஆபிரிக்க எதிர்காலவியம் என்றெல்லாம் முன்னுரை வேண்டாம். அது பேச்சைக் கொன்றுவிடும். தண்ணீருக்கான உலகப்போருக்குப் பின், சிறுநீரையும் சுத்திகரித்துக் குடிக்கும் காலத்தில், படத்தின் நாயகி ஆஷா தன் கடைசித் தண்ணீரை ஒரு நாற்றுக்கு ஊற்றும் இடத்தில் படத்தை நிறுத்துங்கள். தோட்டத்தில் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் குடத்துடன் நிற்பவர் யார், அந்த நீரைப் பற்றி முடிவெடுப்பவர் யார் என்று கேளுங்கள். நிலத்தின் சுரண்டலையும் பெண்ணின் உழைப்பையும் பிரிக்காமல் பார்க்கும் கறுப்பினப் பெண்ணியச் சூழலியல், பெருந்தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் புதிதன்று. பதில்களை அவர்களுடைய சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.