பார்க்கின்சன் என்று சொல்லிவிட்டார்கள், முதலில் என்ன செய்வது?

பார்க்கின்சன் என்றதும் எல்லோரும் கை நடுக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தினமும் ஆளைப் படுத்துவது பெரும்பாலும் நடுக்கமல்ல, மந்தமும் விறைப்பும்தான். சிலருக்கு நடுக்கமே வராது. சட்டைப் பொத்தான் போட யுகமாகும், எழுத ஆரம்பித்தால் வரி முடிவதற்குள் எழுத்து பொடியாகிவிடும், நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாது. மூளையில், உடல் அசைவுக்கு உதவும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் மெல்ல அழிவதுதான் காரணம். நோயை அடியோடு போக்க இன்னும் மருந்து இல்லை. கட்டுப்படுத்த இருக்கிறது, ஆனால் அதன் பலன் பாதி கடிகாரத்தின் கையில்.

படி 1: மாத்திரைக்கு அலாரம் வையுங்கள்

டோபமைனை நேராகக் கொடுத்தால் மூளைக்குள் போகாது. அதனால் லெவோடோபா தருகிறார்கள், அது உள்ளே போய் டோபமைனாக மாறும். கூடவே வரும் கார்பிடோபா, வழியிலேயே அது வீணாகாமல் பார்த்துக்கொள்ளும். லெவோடோபா ரத்தத்தில் அதிக நேரம் தங்காது, ஆகவே "கொஞ்சம் லேட்டானா என்ன" என்பது இங்கே எடுபடாது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ, ஒரு மணி நேரம் கழித்தோ போடுவது நல்லது. புரதம் அதிகமுள்ள உணவு குடலில் இந்த மருந்தோடு போட்டி போடும். அதற்காகப் புரதத்தையே நிறுத்திவிடாதீர்கள், எடை குறைந்து வேறு தொல்லை வரும். வெறும் வயிற்றில் குமட்டினால் டாக்டரிடம் கேட்டு ஒரு பிஸ்கட்டோடு போடலாம்.

படி 2: ஒரு வாரம் எழுதுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான வேலை. ஒரு நாள் இப்படி இருக்கும்: "7.00 மாத்திரை. 7.40 கை இலகுவாயிற்று. 10.15 கால் இழுக்கிறது. 11.00 அடுத்த மாத்திரை." இதைப் பார்த்தால் டாக்டருக்கு உடனே புரியும், அடுத்த மாத்திரைக்கு முன்பே மருந்தின் வேகம் தீர்ந்துவிடுகிறது என்று. "பரவாயில்லை டாக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் அவர் எதை வைத்து மாற்றுவார்?

உடம்பு நெளிந்து நெளிந்து ஆடினால் அந்த நேரத்தையும் குறியுங்கள். அது நடுக்கமல்ல, பெரும்பாலும் மருந்து உச்சத்தில் இருக்கும்போது வருவது. நோய் முற்றிவிட்டது என்று நினைத்து நீங்களாகவே டோஸைக் கூட்டினால் ஆட்டமும் கூடும்.

படி 3: கால் ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள்

வாசற்படியிலும் திரும்பும் இடத்திலும் பாதம் தரையோடு ஒட்டியது போல நின்றுவிடும். கையைப் பிடித்து இழுத்தால் நோயாளி விழுவார். முதலில் நிற்கட்டும். உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றட்டும். அப்புறம் "ஒன்று, இரண்டு" என்று எண்ணி, தரையில் ஒரு கோடு இருப்பதாக நினைத்து அதைத் தாண்டுவது போல எட்டு வைக்கட்டும். அடிக்கடி நிற்கிற இடத்தில் நிஜமாகவே கலர் டேப் ஒட்டிவிடலாம். திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுழலாமல் அரைவட்டமாக நடந்து திரும்பட்டும்.

படி 4: சொல்லக் கூசுவதையும் சொல்லுங்கள்

மலச்சிக்கல், எழுந்ததும் தலைசுற்றல், தூக்கத்தில் கை கால் உதைத்துக் கத்துவது, மனச்சோர்வு, விழுங்கும்போது இருமல் எல்லாமே இந்த நோயோடு வரக்கூடியவை. டோபமைனைப் போலவே வேலை செய்யும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் எடுப்பவர்களில் சிலருக்குச் சூதாட்டத்திலோ, பொருள் வாங்கிக் குவிப்பதிலோ அடங்காத வெறி வரும். அது குணக்கேடு இல்லை, பக்கவிளைவு.

உடற்பயிற்சி? தினமும், அவரால் முடிந்ததை. நடை, நடனம், நீட்சிப் பயிற்சி, எதுவானாலும் சரி.

படி 5: பையில் ஒரு சீட்டு

வேறு எதற்காவது மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் மருந்துகளின் பெயர், அளவு, நேரம் எழுதிய சீட்டு கையில் இருக்கட்டும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, மனக்குழப்பத்துக்குத் தரும் ஹாலோபெரிடால் இரண்டும் டோபமைனைத் தடுத்து நிலைமையை மோசமாக்கும் என்பதையும் அதில் எழுதிவிடுங்கள். கடைசி வரியில் பெரிய எழுத்தில்: பார்க்கின்சன் மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது.